வராத கார்டின் வேகம்

தீபாவளிக்கு முன்னால் வந்துவிடும் என்கிறான் ஜலகண்டன்.
போன தீபாவளிக்கும் இதையேதான் சொன்னான்.
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
அவன் கடை வாசலில்
நான்கு பிளாஸ்டிக் முக்காலி,
ஒரு டேபிள் ஃபேன்,
இன்னும் பிறக்காத ஒரு கிராபிக்ஸ் கார்டு.

நாற்பது சதவீதம் வேகம் கூடும் என்கிறான் அவன்.
அறுபது என்கிறான்
காட்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் இம்தியாஸ்.
எந்தத் தேசத்திலோ எவனோ
அட்டைப்பெட்டியைப் படம் பிடித்திருக்கிறானாம்,
மங்கலாக, பாதியைக் கட்டைவிரல் மறைக்க.
அந்த விரலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
மெமரி எத்தனை என்று ஜாதகம் கணிக்கிறார்கள்.
இருபத்துநாலு என்கிறது நகம்.
பதினாறுதான் என்கிறது அதன் நிழல்.

நான் வாயைத் திறப்பதில்லை.
என் பையில் ஒரு காகிதம் இருக்கிறது:
விலை எண்பதுக்குக் குறையாது,
பழைய கார்டுக்கு ஒன்பது தேறும்,
சீட்டை ஆடியில் எடுத்தால் நாற்பது,
மீதிக்கு நேராக ஒரு கேள்விக்குறி,
அதன்மேல் டீக்கறை.

கட்டாத வீடுகளைப் படமாக்குகிறவள் நான்.
செங்கல் இறங்குமுன்பே
என் சுவரில் வெயில் விழுந்துவிடும்.
இந்த மாதம் விரிஞ்சிபுரம் பக்கம் ஒரு மனைப்பிரிவு.
பால்கனியில் நின்றால் பாலாறு தெரியணும் என்றார்
பில்டர் துளசிராமன்.
தெரிந்தது.
ஆறு தெரிந்தால் தண்ணி தெரியணும் இல்லையா என்றார்.
கொஞ்சம் அலையும் போடும்மா.

ஆறு உண்டு நீரில்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை
என்று எங்கள் ஊரை எண்ணிச் சொல்கிறவர்கள்
இதையும் சேர்த்துக்கொள்ளலாம்:
நம்பர் உண்டு, கார்டு இல்லை.

தண்ணீர்தான் கார்டைக் கொல்கிறது.
சுவர் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.
தண்ணீரோ ஒவ்வொரு ஒளிக்கீற்றையும் நிறுத்தி
எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று
கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் மாதிரி விசாரிக்கும்.
இரவு பத்துக்கு ரெண்டர் போடுகிறேன்.
கத்திரி வெயில் குடித்த மொட்டைமாடி
அப்போதுதான் அதை வீட்டுக்குள் துப்புகிறது.
அறை முப்பத்தெட்டு டிகிரி,
கார்டு எண்பத்தேழு.
கேபினட் கதவைக் கழற்றி வைத்து
ஜன்னலில் ஈரத் துண்டு கட்டுகிறேன்,
எனக்கல்ல.

முதலில் ஆறு முழுக்கப் புள்ளி.
மணல்.
போதாத கணக்கில் தண்ணீர் மணலாகத்தான் தெரியும்,
எந்த ஊர்க் கார்டிலும் அப்படித்தான்.
எங்கள் ஆற்றை அது பார்த்ததில்லை.
ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிடி மணல் எடுத்து
ஒரு பிடி நீர் வைக்கிறது.

இரண்டு மணிக்குக் கழிஞ்சூர்த் தெருமுனையில்
முகப்பு விளக்கை அணைத்த லாரி
தார்ப்பாய் ஈரம் சொட்டத் திரும்புகிறது.
அவர்களும் மணலைத்தான் எடுக்கிறார்கள்.

புதுசு வந்தால் இந்த ஆறு
நாற்பது நிமிடத்தில் நிரம்பும் என்கிறான் இம்தியாஸ்.
பதினெட்டு என்கிறான் ஜலகண்டன்
குரலைத் தாழ்த்தி,
ரோட்டில் போகிறவன் காதில் விழுந்து
அவன் முந்திக்கொள்வான் என்பது போல.
ஐநூறு வாட் தின்னும்.
எஸ்எம்பிஎஸ் மாற்றணும், கேபினட் மாற்றணும்,
ஹவுஸ் ஓனரிடம் பேசி ஒயரிங் மாற்றணும்.
மிச்சமாகும் இரவு எனக்கு வராது.
துளசிராமன் இன்னும் ஆறு பால்கனி கேட்பார்.
தெரியும்.
இருந்தும் வேண்டும் எனக்கு,
பசி மாதிரி வேண்டும்.

நாலு இருபதுக்குக் கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்துகிற ஐந்து நிமிடத்துக்குள்
வந்தவரை சேமித்தேன்.
தொண்ணூற்றாறு சதவீத ஆறு.
வலது மூலையில் மட்டும்
ஒரு முறம் அளவு தெளியவில்லை.

காலையில் போன் வந்தது.
சூப்பரா இருக்கும்மா.
அந்த ஓரத்துல மட்டும் என்ன அது, மணலாட்டம்?
கார்டு பழசு சார்.
சரி, எப்ப வரும்?

தீபாவளிக்கு முன்னாடி வந்துடும்னு
சொல்றாங்க சார்.